மூன்று அளவுக் கருவியா, சாயப் பெட்டியா: புதர்ச்செடி வாங்குமுன் மண்ணைப் பார்க்க எது உதவும்?

நீளமாகப் படிக்கப் பொறுமை இல்லாதவர்களுக்காக முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தோட்டத்துக்குப் புதர்ச்செடி தேர்ந்தெடுப்பதற்காக என்றால் மூன்று அளவுக் கருவியை வாங்க வேண்டாம். சாயப் புட்டி, வெள்ளைப் பொடி, வண்ண அட்டை மூன்றும் அடங்கிய மண் பரிசோதனைப் பெட்டியை வாங்குங்கள். அதற்கும் முன்னால் ஒரு மண்வெட்டி கையில் இருக்கட்டும்.

நான் சொல்லும் கருவியைப் பார்த்திருப்பீர்கள். பச்சை நிறத் தலை, அதில் ஒரு முள், கீழே நீளமாக இரண்டு உலோகக் குச்சிகள் (மூன்று இருக்கும் வகையும் உண்டு), நகர்த்த ஒரு சிறு பொத்தான். ஒரு பக்கம் தள்ளினால் ஈரம், நடுவில் ஒளி, இன்னொரு பக்கம் பி.எச். (மண் அமிலமா காரமா என்பதைக் காட்டும் எண்). ஒரே உருவம் பல பெயர்களில் விற்கிறது. எனக்கு மகள் வாங்கி அனுப்பினாள். "அம்மா, மண்ணுல குத்துனா போதும், எந்தச் செடி வைக்கலாம்னு அதுவே சொல்லிடும்" என்றாள். பேட்டரியே இல்லாமல் மூன்று விதமான அளவுகளைச் சொல்லும் கருவி என்றால், ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவளுக்குக் கை சும்மா இருக்குமா?

கருவியைத் திட்டுவதற்கு முன்னால், நமக்கு எதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பூச்செடித் தொட்டி என்றால் வாடினால் தூக்கி இன்னோர் இடத்தில் வைத்துக்கொள்ளலாம். புதர்ச்செடி அப்படி இல்லை. நல்ல இடத்தில் நட்டால் பத்து, இருபது வருடம் இருக்கும். வேர் ஓடிய பிறகு பெயர்த்து நட்டால் பாதி பிழைப்பதே பெரிது. அதனால் எரு, தண்ணீர் மாதிரி நாம் கூட்டிக் குறைக்கக்கூடியவற்றை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். மாற்றவே முடியாதவை மூன்று: அந்த இடத்தில் விழும் வெயில், மண்ணில் தண்ணீர் இறங்கும் வேகம், மண்ணில் கிடக்கும் சுண்ணாம்பு. செடியை இந்த மூன்றுக்கும் பொருத்தமாக எடுக்க வேண்டும். இவற்றில் எதைக் கருவி சொல்கிறது?

ஈரத்திலிருந்து ஆரம்பித்தேன். இரண்டு குச்சிகளும் வெவ்வேறு உலோகம். ஈர மண்ணில் குத்தியதும் அதுவே ஒரு சிறு மின்கலமாகிவிடுகிறது; அந்த மின்னோட்டத்தில்தான் முள் நகர்கிறது. பேட்டரி தேவைப்படாத ரகசியம் அதுதான். ஆனால் மின்னோட்டம் ஈரத்தை மட்டும் பொறுத்ததில்லை, அதில் கரைந்திருக்கும் உப்பையும் பொறுத்தது. காய்ச்சி வடித்த தண்ணீரில் குச்சியை விட்டேன். முழுக்க முழுக்கத் தண்ணீர், ஆனால் முள் எழுந்திருக்கவே யோசித்தது. ஒரு சிட்டிகை உப்பைப் போட்டதும் குதித்து "ஈரம் அதிகம்" பக்கம் போய் நின்றுவிட்டது. உரம் போட்ட மண் ஈரமாகவும், கல் நிறைந்த மண் காய்ந்ததாகவும் தெரிவது இதனால்தான். உள்ளே கல் இருந்தால் குச்சிக்கும் மண்ணுக்கும் தொடர்பு சரியாக இருக்காது.

இது சரியாகவே காட்டினாலும் செடி தேர்வுக்குப் பயன் இல்லை என்பது வேறு விஷயம். இன்றைய ஈரம் நேற்று நான் குழாயைத் திறந்தேனா என்பதைத்தான் சொல்லும். மழை விடாமல் பெய்யும் வாரத்தில் அந்த இடத்தில் வேர் மூச்சு விட முடியுமா என்பதுதான் எனக்கு வேண்டிய பதில்.

அதற்கு மண்வெட்டி. 30 செ.மீ. ஆழம், 30 செ.மீ. அகலம் குழி. தண்ணீரால் நிரப்பி முழுசாக வற்ற விடவும். மறுபடியும் நிரப்பி, குறுக்கே ஒரு குச்சியை வைத்து, மட்டம் மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று அளக்கவும். முதல் தடவை அளந்தால் ஏமாற்றும், காய்ந்த மண் உறிஞ்சும் வேகம் அது. இரண்டாம் தடவையில் மணிக்கு 2.5 செ.மீ. முதல் 7.5 செ.மீ. வரை இறங்கினால் பெரும்பாலான புதர்ச்செடிகளுக்குச் சரி. 2.5 செ.மீ.க்குக் குறைந்தால் காகிதப்பூ, ரோஸ்மேரி, லாவெண்டர், அசேலியா எல்லாவற்றையும் அந்த இடத்துக்கு மறந்துவிடலாம். 10 செ.மீ.க்கு மேல் ஓடினால் மணற்பாங்கு. வறட்சி தாங்குகிறவை மட்டும், இல்லையென்றால் தினமும் குழாயோடு நிற்க வேண்டும்.

குழி தோண்டும்போதே மூக்கையும் கண்ணையும் பயன்படுத்துங்கள். அடி மண் நீலம் கலந்த சாம்பல் நிறத்தில் இருந்து அழுகிய முட்டை வாடை வந்தால் அங்கே காற்றோட்டம் இல்லை, தண்ணீர் வெகுநாள் தேங்கி நிற்கிறது என்று அர்த்தம். என் தோட்டத்தில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அப்படி ஒரு மூலை. மேல்மண் பொலபொலவென்று அழகாக இருக்கும். கருவியின் குச்சி போகிற ஆழம் வரைக்கும் எல்லாம் நலமே. அதற்குக் கீழே களிமண் தட்டு. அங்கே நொச்சி வைத்தேன், ஓடைக் கரையிலேயே வளர்ந்து பழகிய செடி. அரளியையும் வைத்திருக்கலாம். அரளி என்றால் வறட்சிச் செடி என்றுதான் நினைக்கிறோம், ஆனால் அது இயல்பாக வளர்வது அவ்வப்போது வெள்ளம் வந்து வற்றும் ஆற்றுப் படுகைகளில், இரண்டையும் தாங்கும். ஆனால் இலை, பூ, தண்டு, வேர் எல்லாமே விஷம். பேரப்பிள்ளைகள் ஓடித் திரியும் இடம் என்பதால் விட்டுவிட்டேன்.

அடுத்து ஒளி. சிரிப்புதான் வந்தது. என் கருவியில் ஒளிக்கான அளவுகோல் 2000 லக்ஸோடு (லக்ஸ் ஒளியை அளக்கும் அலகு) முடிகிறது. மேகமில்லாத நண்பகலில் திறந்தவெளியில் விழுவது ஏறக்குறைய 1,00,000 லக்ஸ். வெளியே கொண்டுபோனதும் முள் கடைசியில் போய் ஒட்டிக்கொள்கிறது. வெட்டவெளியிலும் அப்படித்தான், மர நிழலிலும் அப்படித்தான். வீட்டுக்குள் சன்னல் ஓரத் தொட்டிக்கு வேண்டுமானால் ஏதோ சொல்லும்.

அந்த நொடியில் எவ்வளவு ஒளி என்று தெரிந்தும் என்ன செய்ய? செடிக்கு வேண்டியது நாள் முழுக்கச் சேர்ந்த வெயில். முழு வெயில் என்று எழுதியிருந்தால் ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ நேரடி வெயில். மூன்று முதல் ஆறு என்றால் அரை நிழல். இதற்கு இலவசமான கருவி: விடுமுறை நாளில் காலையிலிருந்து மாலை வரை மணிக்கொரு தடவை ஒரே இடத்தில் நின்று செல்பேசியில் படம் எடுப்பது. மாலையில் வரிசையாகப் பார்த்தால் நிழல் எங்கே எப்போது வந்தது என்று தெளிவாகத் தெரியும். காலை வெயில் நான்கு மணி நேரமும் பிற்பகல் வெயில் நான்கு மணி நேரமும் ஒன்று இல்லை. ஹைட்ராஞ்சியா, கமேலியா போன்றவற்றுக்குக் காலை வெயில் பிடிக்கும், பிற்பகல் வெயிலில் இலை ஓரம் கருகும். செம்பருத்திக்கு எந்த வெயிலானாலும் சரி, போதுமான அளவு வேண்டும். குறைந்தால் இலையாக வளர்த்துக்கொண்டு பூவைக் குறைக்கும். குரோட்டன் நிழலில் சாகாது, ஆனால் சிவப்பும் மஞ்சளும் மங்கி வெறும் பச்சையாகிவிடும். அரை நிழலில் வெள்ளைப் பூ வேண்டும் என்பவர்களுக்கு நான் யோசிக்காமல் சொல்வது நந்தியாவட்டை.

ஒரு பருவத்தில் எடுத்த படம் வருடம் முழுக்கச் செல்லாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஜூனுக்கும் டிசம்பருக்கும் இடையே நண்பகல் சூரியனின் நிலை 47 பாகை மாறுகிறது. குளிர் நாடுகளில் இதனால் குளிர்காலத்தில் வீட்டு நிழல் நீண்டு தோட்டத்தையே மூடிவிடும். வெப்பமண்டலத்தில் சூரியன் தலைக்கு இரண்டு பக்கமும் போய்வருவதால், நிழல் என்று நம்பி இருந்த சுவரோரத்தில் சில மாதம் திடீரென்று நேர் வெயில் அடிக்கும். நிழல் செடி அங்கே கருகினால் செடியின் குற்றம் இல்லை.

இப்போது பி.எச். என் தொழில் சம்பந்தப்பட்டது, கொஞ்சம் நீட்டி எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பி.எச். அளவுகோலை 1909இல் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் சோரன்சன் அறிமுகப்படுத்தினார். 7 நடுநிலை, கீழே போனால் அமிலம், மேலே போனால் காரம். ஒரு எண் மாறினால் பத்து மடங்கு வித்தியாசம். ஆகவே 6.0க்கும் 7.0க்கும் நடுவில் இருப்பது "கொஞ்சம்" அல்ல. இதை முறையாக அளக்கக் கண்ணாடி மின்முனை வேண்டும், ஒரு பி.எச். மாறினால் அதில் 25 பாகை வெப்பத்தில் ஏறக்குறைய 59 மில்லிவோல்ட் மாறும். அந்தச் சின்ன மாற்றத்தைப் படிக்க மின்சுற்று வேண்டும், மின்சுற்றுக்குப் பேட்டரி வேண்டும். பச்சைத் தலைக் கருவியில் இவை எதுவும் கிடையாது. ஈரத்துக்கு நகர்ந்த அதே மின்னோட்டத்தைத்தான் இங்கே வேறு எண்கள் எழுதிய அளவுகோலில் காட்டுகிறார்கள்.

சந்தேகத்தோடு நிறுத்தாமல் இரண்டு தொட்டி தயார் செய்தேன். ஒன்றில் பீட் பாசி கலந்த அமில மண், இன்னொன்றில் இடித்த சுவரின் பூச்சுத் தூள் கலந்த மண். சாயப் பெட்டி முதலாவதை 5 என்றும் இரண்டாவதை 8 என்றும் காட்டியது. கருவி இரண்டையும் 7க்குப் பக்கத்திலேயே நிறுத்தியது. அமில மண்ணில் இன்னும் ஒரு குவளை தண்ணீர் ஊற்றினேன், முள் நகர்ந்தது. மண்ணின் பி.எச். ஒரு குவளைத் தண்ணீரில் அப்படி மாறாது.

சாயப் பெட்டியைப் பயன்படுத்துவது எளிது. மேல்மண்ணைத் தள்ளிவிட்டு, 10 முதல் 15 செ.மீ. ஆழத்தில் இருந்து ஒரு தேக்கரண்டி மண். வெள்ளைத் தட்டில் வைத்துச் சாயத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குழைக்க வேண்டும். மேலே வெள்ளைப் பொடியைத் தூவினால் ஓரிரு நிமிடத்தில் பொடி நிறம் ஏறும். அட்டையோடு ஒப்பிட்டுப் படிக்கலாம்: ஆரஞ்சு, மஞ்சள் என்றால் அமிலம், பச்சை என்றால் நடுநிலை அருகே, ஊதா என்றால் காரம். அந்தப் பொடி பேரியம் சல்ஃபேட். மண்ணின் கறுப்பும் சிவப்பும் சாய நிறத்தை மறைக்காமல் இருக்கத்தான் அது. தண்ணீரில் கரையாது என்பதால் மற்ற பேரிய உப்புகளைப் போல விஷமில்லை, ஆனால் காற்றடிக்கும்போது தூவி மூக்கில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். அரை எண் துல்லியம் கிடைக்கும். செடி தேர்வுக்கு அது தாராளம்.

குறைகளும் உண்டு. அட்டையில் 6.5க்கும் 7க்கும் இடையிலான பச்சைகளைச் சாயங்காலத்தில் பிரித்தறிவது கஷ்டம், பகல் வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும். நிறக்குருடு உள்ளவர் இன்னொருவரைக் கூப்பிட வேண்டியிருக்கும். சாயம் நாள்பட்டால் கெடும். பெட்டியில் வந்த தேக்கரண்டி ஒரு வேடிக்கைப் பொருள், வீட்டுக் கரண்டியே மேல்.

ஆனால் பெட்டி எனக்குத் தீர்த்துவைத்த வழக்கு பெரியது. பக்கத்து வீட்டு அக்கா வீட்டுச் சுவர் ஓரமாக வரிசையாக வெட்சி வைத்திருந்தார், நம் இட்லிப்பூ. இளம் இலைகள் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தது. "சத்து பத்தலைம்மா, எரு போட்டுக்கிட்டே இருக்கேன்" என்றார். பழைய இலை மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவாக இருக்கலாம். இளம் இலையில் நரம்பு பச்சை என்றால் இரும்பை நினைக்க வேண்டும். சுவரடி மண்ணைப் பார்த்தோம், பொடி ஊதாவுக்குப் போயிற்று. நான்கு எட்டு தள்ளி, தோட்டத்தின் நடுவில் அதே மண் பச்சை. கட்டடம் கட்டும்போது விழுந்த சிமெண்டுக் கலவையும் பூச்சும் சுவர் ஓரத்தில் புதைந்து கிடக்கின்றன. மண்ணில் இரும்பு இருக்கிறது, ஆனால் பி.எச். 7க்கு மேலே போகப்போக அது கரையாத வடிவத்துக்குப் போய்விடுகிறது. வெட்சிக்கும் கந்தராஜனுக்கும் 5 முதல் 6 வரை வேண்டும். அசேலியாவும் ரோடோடெண்ட்ரானும் 4.5 வரை கூட இறங்கிப் போகும்.

"அப்ப கந்தகம் போட்டுச் சரி பண்ணிடலாமே?" என்பது அடுத்த கேள்வி. எல்லாக் கட்டுரைகளிலும் அப்படித்தான் எழுதியிருக்கும். முதலில் மண்ணில் கொஞ்சம் வினிகர் ஊற்றிப் பாருங்கள். சொய்யென்று நுரைத்தால் சுண்ணாம்பு தனியாகவே கிடக்கிறது. இப்போது கணக்குப் போடலாம். ஒரு சதுர மீட்டர் இடத்தில் 15 செ.மீ. ஆழத்துக்கு 150 லிட்டர் மண். லிட்டருக்கு 1.3 கிலோ என்று வைத்தால் 195 கிலோ. அதில் 5 சதவீதம் சுண்ணாம்பு என்றால் கிட்டத்தட்ட 10 கிலோ. இந்தச் சுண்ணாம்பு என்பது கால்சியம் கார்பனேட்; அதில் 100 கிராமைத் தீர்க்க 32 கிராம் கந்தகம் செலவாகும். ஆக ஒரு சதுர மீட்டருக்கே 3 கிலோவுக்கு மேல் கந்தகம், அதுவும் பி.எச். இறங்கத் தொடங்குவதற்கு முன்னால். கந்தகத்தை அமிலமாக்குவது மண்ணில் உள்ள பாக்டீரியா. வெதுவெதுப்பும் ஈரமும் இருந்தால்கூட மாதக் கணக்கில் ஆகும். இதற்கிடையில் பாய்ச்சும் தண்ணீர் கடினநீர் என்றால் காரத் தன்மையைக் கூட்டும் பைகார்பனேட் திரும்ப வந்துகொண்டே இருக்கும்.

நுரைக்காத மண், பி.எச். 7 சுமார் என்றால் கந்தகம் வேலை செய்யும், செய்து பார்க்கலாம். நுரைக்கிற மண்ணில் வெட்சியைப் பிடித்துத் தொங்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அப்படியும் காப்பாற்ற வேண்டுமென்றால் கடையில் கிடைக்கும் இரும்புச் சத்தில் இ.டி.டி.எச்.ஏ. என்று எழுதிய வகையைத் தேடுங்கள், இ.டி.டி.ஏ. வகை காரமண்ணில் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளாது. அக்கா வெட்சிகளைத் தோட்டத்தின் நடுவுக்கு மாற்றினார், நட்டு அதிக நாள் ஆகாததால் தாங்கின. சுவரடிக்கு மயிற்கொன்றை வந்தது. கார மண்ணைப் பொருட்படுத்தாத செடிகள் நிறைய: மயிற்கொன்றை, அரளி, மருதாணி, லாவெண்டர், ரோஸ்மேரி, குளிர்ந்த ஊர்களுக்கு லைலாக். சாம்பல் இலையும் ஊதாப் பூவுமாக இருக்கும் லியூகோஃபில்லம் சுண்ணாம்பு மண்ணிலேயே பிறந்தது, தண்ணீர் தேங்கினால் மட்டும் செத்துவிடும். டெக்கோமா ஸ்டான்ஸும் நன்றாக வரும், ஆனால் அதுவும் உண்ணிச்செடியும் பல நாடுகளில் காட்டுக்குள் பரவித் தொல்லை கொடுப்பவை. உங்கள் பகுதியில் அவற்றின் நிலை என்ன என்று பார்த்துவிட்டு வையுங்கள்.

ஹைட்ராஞ்சியா வளர்ப்பவர்களுக்குப் பரிசோதனைப் பெட்டி பொழுதுபோக்கும்கூட. பி.எச். 5.5க்குக் கீழே மண்ணின் அலுமினியம் கரைந்து செடிக்குள் போய்ப் பூ நீலமாகும், 6.5க்கு மேலே இளஞ்சிவப்பு. வெள்ளைப் பூ வகை மட்டும் எதற்கும் அசையாது.

கருவிகளோடு செடியில் கட்டிவரும் அட்டையையும் விமர்சிக்க வேண்டும், அதுவும் காசு கொடுத்து வாங்குவதுதானே. அட்டையில் குளிர் மண்டல எண் இருந்தால், அது அமெரிக்க வேளாண் துறையின் வரைபடப்படி வருடத்தின் மிகக் குறைந்த வெப்பநிலையின் சராசரி. மொத்தம் 13 மண்டலங்கள், ஒவ்வொன்றுக்கும் 10 பாரன்ஹீட் இடைவெளி. குளிரில் செடி பிழைக்குமா என்பதை மட்டும் சொல்லும். லண்டனின் பெரும்பகுதியும் டெக்சாஸின் ஹூஸ்டனும் 9ஆம் மண்டலம்தான். இரண்டின் கோடையையும் நினைத்துப் பாருங்கள். வெப்பத்துக்கு என்று அமெரிக்கத் தோட்டக்கலைச் சங்கம் 1997இல் தனி வரைபடம் போட்டது, 30 பாகை செல்சியஸைத் தாண்டும் நாட்களை எண்ணி 12 மண்டலங்கள். அந்த எண்ணை அட்டையில் பார்ப்பது அபூர்வம்.

அட்டையில் உள்ள உயரத்தைவிட அகலத்தை நம்புங்கள். முழு வளர்ச்சியில் 2 மீட்டர் விரியும் என்றால் சுவரிலிருந்து குறைந்தது 1 மீட்டர் தள்ளிக் குழி எடுக்க வேண்டும். விற்பனையில் பூத்துக் குலுங்குவதையும் வைத்து முடிவு செய்யாதீர்கள். தொட்டிக் கலவை பெரும்பாலும் பீட் பாசியோ தென்னை நாரோ, அமிலப் பக்கம் சாய்ந்தது. வேர் அந்த உருண்டையைத் தாண்டி உங்கள் மண்ணுக்குள் போகும்வரை செடிக்கு உங்கள் தோட்டம் எப்படிப்பட்டது என்றே தெரியாது. முதல் பருவம் நன்றாக இருந்து அடுத்த பருவம் மஞ்சளாகும் செடிகளில் பல இந்த வகைதான்.

மதிப்பெண் கேட்டால்: சாயப் பெட்டிக்கு ஐந்தில் நாலரை, அரை மதிப்பெண் அந்தக் கரண்டிக்காகக் குறைத்தது. மூன்று அளவுக் கருவிக்கு ஒன்று. ஒரே தொட்டி, ஒரே மண், உரத்தை மாற்றவில்லை என்றால் நேற்றைவிட இன்று காய்ந்திருக்கிறதா என்று பார்க்க உதவும். பார்த்தவுடன் வெளியே எடுத்துத் துடைத்துவிட வேண்டும், மண்ணிலேயே விட்டால் குச்சி அரித்துப் போகும். பெட்டி வாங்கும்போது சாயப் புட்டியின் காலாவதித் தேதியைப் பாருங்கள். சாயம் மட்டும் தனியாகக் கிடைக்குமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள், பொடியும் அட்டையும் தீருவதற்கு வெகு முன்பே அது தீர்ந்துவிடும்.